மலாக்கி டூலனின் வலது கை

என் தம்பி மலாக்கி முதன்முதலாக விரலை உடைத்துக்கொண்டபோது அதற்கு யாரும் அவனுக்குக் காசு கொடுக்கவில்லை. அது ஒரு சனிக்கிழமை. அடுப்பு வார்க்கும் பட்டறைக்காரர்கள் ஆற்றோரத் திடலில் பேஸ்பால் ஆடிக்கொண்டிருந்தார்கள். மலாக்கி கேட்சர். மட்டைக்காரனுக்குப் பின்னால் குனிந்து நின்று பந்தைப் பிடிக்க வேண்டியது அவன் வேலை. மட்டையில் உரசிய பந்து திசை மாறி வந்து அவன் வலது கை நடுவிரல் நுனியில் மோதியது. விரல் பின்பக்கமாக மடங்கிக்கொண்டது. அவன் அதை இடது கையால் பிடித்துச் சடக்கென்று இழுத்து நேராக்கினான். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, "ம், போடு" என்றான்.

வேலியோரம் நின்றிருந்த நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சட்டையிலிருந்து தனியாகக் கழற்றுகிற காலர்களை வெளுக்கிற சலவைச் சாலையில் என்னோடு இஸ்திரி போடுகிற ரோசன்னா பக்கத்தில் நின்றிருந்தாள். "யாருடி அவன்?" என்று கேட்டாள்.

"என் தம்பி."

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"விரலை ஒடிச்சிக்கிட்டவனைப் பார்த்தா இதைத்தான் கேப்பியா?"

"கத்தாம நிக்கிறானே, அதான் கேட்டேன்" என்றாள் ரோசன்னா.

ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தெட்டாம் வருஷக் கோடை அது. எங்கள் ட்ராய் நகரத்தில் ஆண்பிள்ளை என்றால் இரும்பு, பெண்பிள்ளை என்றால் காலர். அப்பா இரும்பில் செத்தார். அம்மா சலவைச் சாலையின் ஆவியிலும் ஈரத்திலும் நெஞ்சு கெட்டுப் போய்ச் சேர்ந்தாள். மிச்சம் நானும், என்னைவிட மூன்று வயது இளையவனான மலாக்கியும்தான். உருகின இரும்பைக் கரண்டியில் ஏந்திப் போய் மணல் அச்சில் ஊற்றுகிற வேலை அவனுக்கு. கெட்டிக்காரன் என்று பட்டறையில் பெயர் வாங்கியிருந்தான். திங்கட்கிழமை அந்த விரலோடுதான் கரண்டியைத் தூக்கினான்.

அந்த இலையுதிர் காலத்தில் ஆம்ப்ரோஸ் கீலர் என்று ஒருவன் வடக்கே ஏதோ பண்ணையிலிருந்து வந்து சேர்ந்தான். கொக்கு மாதிரி உயரம், ஒட்டின கன்னம், வாயைத் திறந்தால் மாட்டைப் பற்றித்தான் பேசுவான். ஆனால் இடுப்புக்குக் கீழிருந்து கையைச் சுழற்றி அவன் பந்து வீசினால் அது கண்ணுக்குத் தெரியாது. தெரிந்தாலும் கடைசி நேரத்தில் ஒரு பக்கமாக வளையும். மட்டைக்காரன் அடிக்க முடியாமல் திணறுவான். சங்கடம் என்னவென்றால் பின்னால் நிற்கிறவனாலும் அதைப் பிடிக்க முடியாது. மூன்று ஊர் கேட்சர்கள் அவனோடு ஆடிப் பார்த்துவிட்டு ஓடிப்போனார்கள். பழைய கேட்சர்கள் பத்தடி தள்ளி நின்று பந்து தரையில் எம்பி வருவதைப் பிடிப்பார்கள். ஆம்ப்ரோஸின் பந்துக்கு அது சரிப்படாது. மட்டைக்குப் பின்னால் ஒட்டி நின்று, வெறுங்கையால், வருவதற்கு முன்பே எங்கே வரும் என்று ஊகித்துப் பிடிக்க வேண்டும்.

மலாக்கி பிடித்தான். எப்படி என்று நான் கேட்டதற்கு, "அவன் வீசறதுக்கு முன்னாடி ஒரு தரம் எச்சில் முழுங்குவான் வின்னி. பெருசா முழுங்கினா உள்பக்கம் வளையும்" என்று சொல்லிச் சிரித்தான். உண்மையோ விளையாட்டோ, எனக்குத் தெரியாது.

அடுப்பு வியாபாரி வாட்லி அப்போதுதான் சம்பளத்துக்கு ஆடுகிற கிளப் ஒன்றை ஆரம்பித்திருந்தார். குன்றின் மேல் திடல், பலகை இருக்கைகள், வாசலில் கால் டாலர் டிக்கெட். ஆம்ப்ரோஸைத்தான் அவர் தேடி வந்தார். வந்து பார்த்த பிறகு ஆம்ப்ரோஸோடு மலாக்கியும் வேண்டும் என்று தெரிந்துகொண்டார். எங்கள் வீட்டுச் சமையலறையில் தொப்பியைக் கழற்றாமல் உட்கார்ந்து, "ரெண்டு பேரும் சேர்ந்து வரணும். ஒருத்தன் மட்டும் எனக்கு எதுக்கு? சக்கரம் ஒண்ணோட வண்டியை வாங்குவேனா?" என்றார்.

ஒரு பருவத்துக்கு எழுநூறு டாலர் என்றார். ஏழு மாதம் ஆட்டம். பட்டறையில் வருஷம் முழுக்க வெந்தாலும் அவ்வளவு வராது, நடுவில் வேலை இல்லாத வாரங்கள் வேறு. நான் பத்து மணி நேரம் இஸ்திரிப் பெட்டியோடு நின்றால் வாரத்துக்கு எட்டு டாலர் வரும், கொப்புளம் இலவசம்.

"விளையாடறதுக்கா இவ்வளவு?" என்று நான் கேட்டேன்.

"விளையாட்டு இல்லம்மா, பிழைப்பு" என்றார் வாட்லி. அதில் அவர் பொய் சொல்லவில்லை.

சீருடைக்கு முப்பது டாலர் பிடித்துக்கொள்வார்கள் என்பதும், வெளியூர் போகும் நாட்களில் சாப்பாட்டுக்குத் தினம் அரை டாலர் கழியும் என்பதும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தெரிந்தது. மலாக்கி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதல் மாதச் சம்பளத்தில் அம்மாவின் சமாதிக்குக் கல் வைத்தான். ரெண்டாம் மாதம் ரோசன்னாவைக் கல்யாணம் பண்ணிக்கொண்டான். மூன்றாம் மாதம் தங்கச் சங்கிலி போட்ட கடிகாரம் ஒன்றை வாங்கி, எங்கள் தெருவில் யார் நேரம் கேட்டாலும், கேட்காவிட்டாலும், எடுத்துப் பார்த்துச் சொன்னான்.

நல்ல காலம் அவனுக்கும் இருந்தது. திடலுக்குப் போனால் என்னைக்கூட டூலனின் அக்கா என்று வழிவிடுவார்கள். அவன் குனிந்து உட்கார்ந்தால் சத்தம் அடங்கும். ஆம்ப்ரோஸ் எச்சிலை முழுங்குவான், கை சுழலும், மலாக்கியின் உள்ளங்கையில் பந்து விழுகிற ஓசை கதவைப் படாரென்று சாத்துகிற மாதிரி கடைசி வரிசை வரை கேட்கும். ஜனங்கள் அந்த ஓசைக்குக் கைதட்டினார்கள். நான் ஒவ்வொரு தரமும் கண்ணை மூடிக்கொண்டேன்.

ரெண்டாம் வருஷம் ஆயிரம் டாலர். அந்த வருஷம் முன்பல் ரெண்டு போயிற்று. அதற்குப் பிறகுதான் கம்பி முகமூடி போட்டுக்கொள்ளச் சம்மதித்தான். அதற்கே ஜனங்கள் விடவில்லை. "டேய் மலாக்கி, கூண்டுக்குள்ளே என்ன கிளியா?" என்று கத்துவார்கள். "முட்டை போட்டா ஆளுக்கு ஒண்ணு குடு!" முகத்துக்குக் கம்பி கிடைத்தது. கைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. விரல் நுனி வெட்டின மெல்லிய தோல் உறை ஒன்றுதான், வண்டிக்காரர்கள் போடுகிறதைவிட மெல்லியது.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் ரோசன்னா ஒரு பாத்திரத்தில் வினிகரும் உப்பும் கலந்து வைப்பாள். அவன் ரெண்டு கையையும் அதில் முக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். தோல் காய்த்துப் போக வேண்டுமாம். வலது கையில் நேரான விரல் என்று கட்டைவிரலைத் தவிர வேறு இல்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பார்த்தது. சட்டைப் பொத்தானை ரோசன்னாதான் போட்டுவிடுவாள்.

"எனக்குக் குழந்தை பிறக்கறதுக்கு முன்னாடியே ஒரு குழந்தை" என்பாள் என்னிடம். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

மூன்றாம் வருஷ முடிவில் பஃபலோ ஊர்க்காரர் ஒருவர் வந்தார். ஆயிரத்து அறுநூறு தருகிறேன், பருவம் முடிந்ததும் எங்கள் கிளப்புக்கு வந்துவிடு என்றார். மலாக்கிக்கு அதைக் கேட்டதும் கால் தரையில் பாவவில்லை. மறுநாள் வாட்லி முதலாளியிடம் போனான். நானும் கூடப் போனேன், பேச்சில் அவன் ஏமாந்துவிடுவான் என்று.

வாட்லி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "உன் பேரை ஒதுக்கி வெச்சிருக்கேன் மலாக்கி."

"ஒதுக்கின்னா?"

"ஒவ்வொரு கிளப்பும் அஞ்சு பேரைத் தனக்குன்னு வெச்சுக்கலாம்னு எங்களுக்குள்ள பேச்சு. நான் வெச்சுக்கிட்ட அஞ்சு பேர்ல நீ ஒருத்தன், ஆம்ப்ரோஸ் ஒருத்தன். பஃபலோக்காரன் உன்னைத் தொடமாட்டான். தொட்டா அவனோட யாரும் ஆடமாட்டாங்க."

"நான் வரலைன்னு சொன்னா?"

"பட்டறைக்குப் போ. யாரு தடுக்கறா? பந்து பிடிக்கணும்னா என்கிட்டதான் பிடிக்கணும்." பிறகு தணிந்த குரலில், "ஆயிரத்து இருநூறு போட்டுத் தர்றேன். சந்தோஷமா போயிட்டு வா" என்றார்.

"கழுத்துல மணி கட்டலையா ஐயா, மாட்டுக்குக் கட்டற மாதிரி?" என்று நான் கேட்டேன்.

"அக்காவை ஏம்ப்பா கூட்டிட்டு வந்தே?" என்றார் வாட்லி, என்னைப் பார்க்காமல்.

பஃபலோக்காரர் மறுபடி வரவில்லை. மலாக்கி ஆயிரத்து இருநூறுக்குக் கையெழுத்துப் போட்டான். வீட்டுக்கு வரும் வழியில், "பரவாயில்ல வின்னி. இதுவும் யாருக்குக் கிடைக்குது?" என்றான். எனக்குச் சொன்னானா தனக்குச் சொன்னானா தெரியவில்லை.

எண்பத்திரண்டாம் வருஷம் ஜூலையில்தான் அது நடந்தது. அன்று திடலில் வெயில் கொளுத்தியது. ஆம்ப்ரோஸின் பந்து ஒன்று மட்டையின் அடியில் பட்டுக் கீழ்ப்பக்கமாகத் திரும்பி மலாக்கியின் வலது கட்டைவிரலின் அடியில் இறங்கியது. இந்தத் தடவை இழுத்து நேராக்க எதுவும் இல்லை. கட்டைவிரலுக்குக் கீழே உள்ளங்கையில் எலும்பு முறிந்திருந்தது. கை அரைமணி நேரத்தில் ரொட்டி மாவு மாதிரி உப்பிவிட்டது. டாக்டர் பலகை வைத்துக் கட்டி, "ரெண்டு மாசம் இதை எதுக்கும் உபயோகிக்காதே. உபயோகிச்சா மறுபடி சேராது" என்றார்.

மறுநாள் காலை வாட்லி வீட்டுக்கு வந்தார். கட்டைப் பார்த்தார். உச்சுக்கொட்டினார்.

"ஆடாத நாளுக்குச் சம்பளம் கிடையாதுன்னு உனக்குத் தெரியும்."

"உங்க திடல்லதானே உடைஞ்சுது?" என்றாள் ரோசன்னா. அவளுக்கு அப்போது ஏழு மாதம்.

"அம்மா, சட்டம் நான் போட்டது இல்ல. எல்லாக் கிளப்புலயும் இதுதான். நான் உங்களுக்காகச் சொல்றேன். ஆடினா சம்பளம் உண்டு. அவ்வளவுதான்."

அவர் போன பிறகு ஆம்ப்ரோஸ் வந்தான். வாசற்படியில் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு நின்றான். மாட்டைத் தவிர வேறு எதையும் அவனுக்குப் பேச வராது என்று சொன்னேனே. "மாத்து ஆளை நேத்து நிக்க வெச்சுப் பார்த்தாங்க மலாக்கி. மூணு பந்துக்கு ஒண்ணு பின்னால போகுது. அவன் பயந்து கண்ணை மூடறான்."

"கத்துக்குவான்."

"அதுக்குள்ள நான் தோத்துப்போவேன். தோத்தா என்னை அடுத்த வருஷம் வெச்சுக்கமாட்டாங்க. எங்கப்பா பண்ணையை அடகு வெச்சிருக்காரு." ஆம்ப்ரோஸ் தலையைக் குனிந்துகொண்டான். "நான் வேணா மெதுவா போடறேன்."

"மெதுவா போட்டா அடிச்சுத் தள்ளுவாங்க. அதுக்கு நீ எதுக்கு, நான் எதுக்கு?"

ரோசன்னா என்னைப் பார்த்தாள். நான் அவனைப் போகாதே என்று சொன்னேன். என் சம்பளம் எட்டு டாலர் இருக்கிறது, எப்படியாவது ரெண்டு மாதத்தை ஓட்டிவிடலாம் என்று சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். வெள்ளிக்கிழமை பலகையைப் பிரித்து, கையைத் துணியால் இறுக்கிச் சுற்றிக்கொண்டு திடலுக்குப் போனான்.

அந்த வருஷம் அக்டோபர் வரை ஆடினான். பந்தை இடது கையால் வாங்கி வலது கையைச் சும்மா அண்டக் கொடுப்பான். முடிந்தவரை. முடியாத பந்துகளும் வரும். அப்படி ஒன்று வந்தால் எழுந்து நின்று, முகமூடியைக் கழற்றி, வானத்தைப் பார்ப்பான். ஜனங்கள் அவன் மழை வருமா என்று பார்க்கிறான் என்று நினைத்திருப்பார்கள். சம்பளம் ஒரு செண்ட் குறையாமல் வந்தது. பெண் குழந்தை பிறந்தது. அதைத் தூக்கும்போது வலது கையை அடியில் கொடுக்காமல் முழங்கையில் ஏந்திக்கொள்வான்.

குளிர்காலத்தில் துணியைப் பிரித்துப் பார்த்தபோது கை பாதிதான் மூடியது. கட்டைவிரல் உள்பக்கம் வராமல் ஒரேயடியாக ஒதுங்கி நின்றது. முன்னால் அது ஒன்றுதான் நேராக இருந்தது.

மார்ச் மாதம் வாட்லி அவனைக் கூப்பிட்டு விட்டார். இந்தத் தடவை நான் போகவில்லை. கால் மணி நேரத்தில் திரும்பி வந்தான்.

"என்னடா சொன்னாரு?"

"ஒதுக்கி வெச்ச அஞ்சு பேர்ல நான் இல்லையாம். எங்க வேணா போகலாமாம்." சட்டைப் பையில் கையை விட்டுக்கொண்டு நின்றான். "மேற்கே ஒரு கிளப் ஆம்ப்ரோஸுக்கு ரெண்டாயிரம் தருதாம். வாட்லிக்கு ஏதோ குடுத்து வாங்கிட்டாங்க. அங்க ஒரு கேட்சர் இருக்கானாம், கைக்குத் தலையணை மாதிரி ஒண்ணு தைச்சுப் போட்டுக்கிறானாம்."

"நீயும் ஒண்ணு தைச்சுப் போட்டுக்கிட்டா?"

அவன் கையை வெளியே எடுத்துக் காட்டினான். "எதை அதுக்குள்ள விடறது?"

பழைய பட்டறைக்குப் போனான். மேஸ்திரிக்கு அவன் மேல் பிரியம்தான். கரண்டியைத் தூக்கிக் காட்டச் சொன்னார். காலிக் கரண்டி. மலாக்கி தூக்கினான், அது அவன் கையில் சுழன்று சாய்ந்தது. மேஸ்திரி கரண்டியை வாங்கி வைத்துவிட்டு, "உள்ள இரும்பு இருந்திருந்தா ரெண்டு பேரு செத்திருப்பாங்க தம்பி" என்றார்.

அந்தக் கோடையில் அம்பயர் வேலைக்குப் போனான். ஆட்டத்துக்கு அஞ்சு டாலர். கையால் ஆக வேண்டியது ஒன்றுமில்லை, வாயால் சொன்னால் போதும் என்று சந்தோஷப்பட்டான். வெளியூர்களில் திட்டினார்கள், முட்டை எறிந்தார்கள். அதெல்லாம் எல்லா அம்பயருக்கும் உள்ளதுதான். ஆகஸ்டில் எங்கள் ஊர்த் திடலிலேயே ஒரு ஆட்டம் வந்தது. கடைசி நேரத்தில் எங்கள் ஆள் ஒருவன் ஓட்டத்தை முடிக்க மட்டைக்காரன் நிற்கிற கட்டத்துக்குள் சறுக்கி வந்தான். மலாக்கி, "அவுட்!" என்றான். அவுட்தான். நான் பார்த்தேன், எனக்கு நேர் எதிரே நடந்தது.

முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு ஆரம்பித்தது. "எவ்வளவுடா வாங்கினே?" "கைதான் போச்சுன்னு பார்த்தோம், கண்ணும் போச்சா?" "வாட்லி துரத்தினதுக்கு வஞ்சம் தீக்கிறியா?" பியர் பாட்டில் ஒன்று பறந்து வந்து அவன் காதுக்கு மேலே பட்டது. அதை எறிந்தவன் எங்கள் தெருக்காரன். மலாக்கி சமாதிக்கல் வாங்கிய அன்று அதை வண்டியிலிருந்து இறக்கக் கை கொடுத்தவன். நான் பலகை இருக்கையிலிருந்து இறங்கி ஓடினேன். மலாக்கி ரத்தம் வழிய நின்றுகொண்டு, "அவுட்தான். அவுட்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். போலீஸ்காரர் ரெண்டு பேர் அவனை வண்டிக் கொட்டகை வழியாக வெளியே கூட்டிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு எந்த ஊரிலும் அவனை அம்பயராகக் கூப்பிடவில்லை.

கடிகாரம் அந்தக் குளிர்காலத்தில் அடகுக் கடைக்குப் போனது. ரோசன்னா குழந்தையை எதிர்வீட்டில் விட்டுவிட்டு மறுபடி என் பக்கத்தில் வந்து இஸ்திரி மேசையில் நின்றாள். "சூடு மறந்துபோச்சுடி" என்றாள், முதல் நாளே கையைச் சுட்டுக்கொண்டு.

அடுத்த அக்டோபரில் பழைய ஆட்டக்காரர்கள் சிலர் சேர்ந்து மலாக்கிக்காக ஒரு உதவி ஆட்டம் ஏற்பாடு செய்தார்கள். வசூல் அவனுக்கு. அப்படிச் செய்வது அப்போது வழக்கம். வாட்லி திடலைக் கொடுத்தார், வாடகையாக வசூலில் பாதி. ஆம்ப்ரோஸ் மேற்கிலிருந்து ரயிலேறி வந்தான். நல்ல கோட்டு போட்டிருந்தான், கன்னம் கொஞ்சம் நிரம்பியிருந்தது. மலாக்கியைப் பார்த்ததும் கையை நீட்டினான். பிறகு என்ன நினைத்தானோ, கையை மடக்கிக்கொண்டு தோளைத் தொட்டான்.

காலையிலிருந்து தூறல். வழக்கமாக வருகிறவர்களில் பத்துக்கு ஒருத்தர்தான் வந்திருப்பார். பலகைகள் நனைந்து கிடந்தன. மலாக்கி வாசலில் நின்று வருகிறவர்களுக்கு நன்றி சொல்வதாகத்தான் ஏற்பாடு. ஆட்டம் பாதி போனதும் அவன் பழைய முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டு உள்ளே நடந்தான்.

"என்ன பண்றே?" என்றாள் ரோசன்னா.

"ஒரே ஒரு மட்டைக்காரனுக்கு. இவங்க எதைப் பார்க்க வந்தாங்க? டிக்கெட் வாங்கினவங்களுக்கு எதையாவது காட்ட வேணாமா?"

ஜனங்கள் எழுந்து கைதட்டினார்கள். பாட்டில் எறிந்தவனும் தட்டினான். மலாக்கி குனிந்து உட்கார்ந்தான். ஆம்ப்ரோஸ் கையைச் சுழற்றிப் பந்தை விட்டான். அது குழந்தைக்குப் போடுகிற பந்து மாதிரி மிதந்து வந்தது. மட்டைக்காரனும் விஷயம் தெரிந்தவன், சும்மா மட்டையை வீசிவிட்டு நின்றான். மலாக்கி பந்தைப் பிடித்தான். ஜனங்கள் சிரித்தார்கள், அன்பாகத்தான்.

மலாக்கி எழுந்து முகமூடியைத் தூக்கினான். "ஆம்ப்ரோஸ்! உங்க பாட்டிக்கா போடறே?"

"வேணாம் மலாக்கி."

"போடுடா. என் காசு இது. பிச்சை வாங்க வரலை நான்."

"வேணாம்னு சொல்றேன்ல?"

"அன்னிக்கு வாசல்ல வந்து நின்னியே, அப்ப வேணும்னுதானே நின்னே? இப்ப என்ன?"

ஆம்ப்ரோஸின் முகம் சுண்டிப்போனது. தூறலில் நனைந்த பந்தைக் கால்சட்டையில் துடைத்தான். பிறகு எச்சில் முழுங்கினான். நான் பார்த்தேன். கை சுழன்றது. பந்து வந்ததை நான் பார்க்கவில்லை, சத்தம்தான் கேட்டது. மலாக்கி அதைப் பிடித்துவிட்டான். திடல் அதிர்ந்தது. மட்டைக்காரன் ஒதுங்கி நின்றுகொண்டான். அடுத்தது வந்தது. அதையும் பிடித்தான். அவன் தோள் மட்டும் ஒரு தரம் குலுங்கியது. பந்தைத் தரையில் வைத்துவிட்டு, எழுந்து, யாரையும் பார்க்காமல் எங்களிடம் வந்தான்.

முகமூடிக்குள் அவன் முகம் வெள்ளையாக இருந்தது. மோதிரவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் கிழிந்து எலும்பு தெரிந்தது. ரோசன்னா தன் உள்பாவாடைத் துணியைக் கிழித்துச் சுற்றினாள். ஒரு வார்த்தை பேசவில்லை அவள். அன்று மட்டுமில்லை, அந்த வாரம் முழுக்கப் பேசவில்லை.

ஈரத் திடல், அழுக்குப் பந்து. நாலாம் நாள் கை முழங்கை வரை சிவந்துவிட்டது. டாக்டர் ரெண்டு விரலையும் எடுத்தார். எடுத்ததற்கும், ரெண்டு மாதம் வந்து பார்த்ததற்கும், உதவி ஆட்டத்தில் எங்கள் பங்காக வந்ததில் பெரும்பகுதி போய்விட்டது. மிச்சத்தில் ஒரு வண்டி கரி வாங்கினோம்.

அவன் எதற்காக அப்படிச் செய்தான் என்று நான் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தரமும் வேறு வேறு பதில் சொன்னான். ஒரு தரம், "பிடிச்சேனா இல்லையா?" என்று மட்டும் கேட்டான். பிடித்தாய் என்றேன்.

எண்பத்தைந்தில் எங்கள் சலவைச் சாலையில் கரி சுமக்கிற ஆள் விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டான். நான் கண்காணியிடம் கெஞ்சி அந்த இடத்தை மலாக்கிக்கு வாங்கிக் கொடுத்தேன். கூடையை முதுகில் கட்டிக்கொண்டு, கீழே கிடங்கிலிருந்து மாடிக்கு, இஸ்திரிப் பெட்டி சூடாக்குகிற அடுப்புகளுக்குக் கரி கொண்டுவர வேண்டும். பிடிக்க வேண்டியது ஒன்றுமில்லை, முதுகுதான் வேண்டும். வாரத்துக்கு ஐந்தரை டாலர். அவன் மனைவி வாங்கியது எட்டு. பெண்பிள்ளைகள் முதலில், "மலாக்கி, இந்தா பிடி!" என்று ஈரக் காலரைச் சுருட்டி எறிந்து கேலி செய்தார்கள். அவன் அது தரையில் விழுகிற வரை பார்த்துவிட்டு, தாண்டிப் போனான். பிறகு விட்டுவிட்டார்கள்.

அதற்கு அடுத்த வசந்தத்தில் ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ஆம்ப்ரோஸ் முற்றத்துக்கு வந்தான். அதே கோட்டு, முழங்கையில் நைந்திருந்தது. நாங்கள் மூவரும் கரிக் குவியல் பக்கம் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தின்றுகொண்டிருந்தோம். ரோசன்னா அவனைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

"கை செத்துப்போச்சு மலாக்கி" என்றான் ஆம்ப்ரோஸ். "தோளுக்கு மேல தூக்க முடியல. போன மாசம் அனுப்பிட்டாங்க."

"பண்ணை?"

"அப்பா போயிட்டாரு. பண்ணையும் போச்சு." தொப்பியைத் திருகினான். "இங்க ஏதாவது வேலை இருக்கா?"

மலாக்கி கொஞ்சம் நகர்ந்து அவனுக்கு இடம் கொடுத்தான். "இது பொம்பளைங்க வேலை செய்யற இடம். ஆம்பளைக்கு ஒரே ஒரு வேலைதான் இருக்கு. அதை நான் செய்யறேன்."

ஆம்ப்ரோஸ் தலையாட்டினான். மலாக்கி தன் கிழங்கில் பாதியைப் பிய்த்து அவனிடம் நீட்டினான். ரெண்டு பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டு தின்றார்கள். மணி அடித்ததும் மலாக்கி கூடையை எடுத்து முதுகில் மாட்டிக்கொண்டான். வாரை இறுக்க அவனால் முடியாது, நான்தான் இறுக்குவேன். அன்று ஆம்ப்ரோஸ் எழுந்து அதை இறுக்கிவிட்டான். பிறகு தெருப்பக்கம் போனான். நியூயார்க்கில் கப்பலில் மூட்டை எண்ணுகிறான் என்று ஒருத்தர் சொன்னார், செத்துவிட்டான் என்று இன்னொருத்தர் சொன்னார். எங்களுக்குச் சரியாகத் தெரியவில்லை.

மலாக்கிக்கு அப்போது முப்பது வயது. அதற்குப் பிறகு பதினேழு வருஷம் அங்கேயே கரி சுமந்தான்.